நோயாளியிடம் எத்தனை கேள்வி கேட்கலாம்? மருத்துவ ஆய்வுக்கான டிஜிட்டல் தகவல் சேகரிப்பு திட்டமிடப்படுவது எப்படி?

2020 அக்டோபர் தொடக்கம். இங்கிலாந்தில் கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்று உறுதியானவர்களில் 15,841 பேர் அரசின் தினசரிக் கணக்கில் சேரவே இல்லை என்ற தகவல் வெளியானது. ஹேக்கிங் இல்லை, சர்வர் முடக்கமும் இல்லை. காரணம், ஒரு எக்செல் ஃபைல்.

ஆய்வகங்களில் இருந்து வந்த முடிவுகளை அங்குள்ள பொது சுகாதார அமைப்பு பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். ஒருவரது முடிவுக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால், சுமார் 1,400 பேரோடு கோப்பு நிரம்பிவிடும். அதுக்கு மேல வந்தவர்கள் சத்தமே இல்லாமல் வெளியே விழுந்தார்கள். பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் குழுவுக்கு அந்தப் பெயர்கள் நாள்கணக்கில் தாமதமாகத்தான் போயின. அதற்குள் எத்தனை பேர் பேருந்தில் ஏறியிருப்பார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்?

புதிய வகை எக்செல்லில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் உண்டு. அதற்கு மாறியிருந்தால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் சிக்கல் அங்கே மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரின் தகவல் வரும், கோப்பு நிரம்பினால் என்ன ஆகும், அனுப்பிய எண்ணிக்கையும் வந்து சேர்ந்த எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று யார் பார்ப்பது? இதை எல்லாம் தொடங்குவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மருத்துவத் தகவல் சேகரிப்பில் திட்டமிடல் என்பது இதுதான். மென்பொருள் வாங்குவது அதில் கடைசிக் கட்டம்.

இது நமக்கு எதுக்கு?

அரசு மருத்துவமனையில் சீட்டு போடும்போது விவரங்களை கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியர், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். மருத்துவக் கல்லூரியில் எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு ஆய்வறிக்கை கொடுத்தாக வேண்டும். அதற்காக வார்டில் படுத்திருப்பவரிடம் டேப்போடு வந்து கேள்வி கேட்கிறார்கள்.

இப்படிச் சேரும் தகவலில் இருந்துதான் எந்த மருந்து வேலை செய்கிறது, யாரை உடனே அட்மிட் செய்ய வேண்டும், எந்த வட்டாரத்தில் நோய் கூடுகிறது என்பதெல்லாம் முடிவாகிறது. தகவல் பிசகினால் முடிவும் பிசகும். அந்த முடிவு மாத்திரையாக நம் கைக்கு வந்து சேரும்.

ஒரு பக்கப் படிவம் சொன்ன பதில்

சரியாகத் திட்டமிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதே இங்கிலாந்துதான் உதாரணம், அதே 2020-தான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே இருவரும் தலைமை தாங்கிய ‘ரெக்கவரி’ ஆய்வு மார்ச் மாதம் தொடங்கியது. திட்ட வரைவு எழுதத் தொடங்கி ஒன்பதே நாளில் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் பங்கேற்றன. அந்த மருத்துவர்களும் நர்ஸ்களும் மூச்சு விட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர்கள்.

அதனால் ஆய்வுக்குழு ஒரு முடிவு எடுத்தது. சேர்க்கும்போது ஆன்லைனில் ஒரு சிறிய படிவம். பிறகு நோயாளி வீடு திரும்பும்போதோ, இறந்தாலோ, 28 நாள் ஆனாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது இன்னொரு படிவம். அவ்வளவுதான். மற்ற விவரங்களில் பெரும்பகுதியை நாட்டின் பொது மருத்துவச் சேவை ஏற்கெனவே வைத்திருந்த பதிவேடுகளோடு இணைத்து எடுத்துக்கொண்டார்கள். முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று: 28 நாளில் உயிரோடு இருக்கிறாரா?

ஜூன் 16-ம் தேதி பதில் வந்தது. விலை மலிவான, பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் உயிரைக் காக்கிறது. குலுக்கல் முறையில் 2,104 பேருக்கு அந்த மருந்தும், 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சையும் தரப்பட்டிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லோரையும் மொத்தமாகப் பார்த்தால் மருந்து பெற்றவர்களில் 22.9 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 25.7 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். வித்தியாசம் மூன்று சதவீதப் புள்ளிகூட இல்லை. ஆனால் நோயாளியைச் சேர்க்கும்போதே ‘இவர் வென்டிலேட்டரில் இருக்கிறாரா, ஆக்சிஜன் மட்டும் பெறுகிறாரா, எதுவும் இல்லையா’ என்று அந்தச் சிறிய படிவம் கேட்டிருந்தது. அதைப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4-ல் இருந்து 29.3 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2-ல் இருந்து 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. அவர்களில் மருந்து பெற்றவர்களிடம் இறப்பு 17.8 சதவீதம், பெறாதவர்களிடம் 14. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், லேசான பாதிப்பு உள்ளவருக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால்? ‘கொரோனாவா, ஸ்டீராய்டு கொடு’ என்பதுதான் உலகத்துக்குப் போயிருக்கும் செய்தி. 2021-ல் இந்தியாவில் இரண்டாவது அலை வந்தபோது லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு வாங்கிப் போட்டவர்கள் ஏராளம். அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா அதை வெளிப்படையாக எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருந்த முக்கியமான ஆதாரங்களில் ஒன்று இந்தப் படிவம்.

ஆக, ‘நிறைய கேட்டு வைப்போம், பின்னால் பயன்படும்’ என்ற எண்ணம்தான் முதல் எதிரி. இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் ஒரு எளிய வழி இருக்கிறது. ஆய்வு முடிந்ததும் அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை இப்போதே வரைந்துவிடுங்கள், எண்கள் இல்லாமல், வெறும் கட்டங்களாக. பிறகு படிவத்தில் உள்ள ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, இது எந்தக் கட்டத்தை நிரப்பும் என்று பாருங்கள். எந்தக் கட்டத்தையும் நிரப்பாத கேள்வியை அடித்துவிடலாம். ஒரு கட்டத்தை நிரப்ப கேள்வியே இல்லை என்றால், அதை இப்போதே சேர்த்தாக வேண்டும். ஆய்வு பாதி போன பிறகு சேர்த்தால் முதல் பாதி நோயாளிகளுக்கு அந்த விவரம் இருக்காது.

தமிழ்நாட்டில் ஐந்தே விவரங்கள்

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. காசநோயால் இறப்பவர்களில் பலர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். யார் ஆபத்தில் இருக்கிறார் என்பதை நோய் கண்டறிந்த அன்றே தெரிந்துகொண்டால், அவரை அட்மிட் செய்து காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ஆனால் எப்படித் தெரிந்துகொள்வது? ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று பத்துக்கும் மேற்பட்ட விவரங்களைப் பார்த்து முடிவு செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கே அதெல்லாம் நடக்குமா?

2022 ஏப்ரலில் தொடங்கிய ‘தமிழ்நாடு காசநோய் இறப்பில்லா திட்டம்’ இதை ஐந்து விவரங்களாகச் சுருக்கியது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதில் மாநில அரசோடு சேர்ந்து வேலை செய்தது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ., இரண்டு காலிலும் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. எடை மெஷின், உயரம் அளக்கும் கோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கடிகாரம். லேப் தேவையில்லை.

வரையறைகளும் துல்லியம். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே, 14-க்கு மேல் 16 வரை இருந்து காலில் வீக்கமும் இருந்தால், மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழே, தாங்கல் இல்லாமல் நிற்க முடியவில்லை. இதில் ஒன்று இருந்தாலே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பி.எம்.ஐ. 14 என்றால் 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோகூட இல்லை என்று அர்த்தம். ‘நோயாளி மெலிந்திருக்கிறாரா: ஆம் / இல்லை’ என்று கேட்டிருந்தால் ஒவ்வொரு ஊழியரும் அவரவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதியிருப்பார். எண்ணாகக் கேட்டதால் ஊட்டியில் எழுதியதும் ராமநாதபுரத்தில் எழுதியதும் ஒன்றுதான்.

இந்த விவரங்கள் காகிதத்தில் குறிக்கப்பட்டு, ‘டிபி சேவா’ என்ற இணையச் செயலியில் ஏற்றப்படுகின்றன. நோயாளிக்கு அன்றைக்கே பயன்படும் தகவலும் இதுதான், பிறகு ஆய்வாளர்கள் அலசும் தகவலும் இதுதான். 2025-ல், இப்படிச் சேர்ந்த விவரங்களை வைத்து ஒருவருக்கு இறப்பு அபாயம் எவ்வளவு என்று கணிக்கும் வசதியும் அதே செயலியில் இணைக்கப்பட்டது. ஐந்து விவரங்களும் ஆரம்பத்தில் இருந்தே ஒரே மாதிரி கேட்கப்பட்டதால்தான் அது முடிந்தது. கேட்பவருக்கே உடனே பயன் இருந்தால் அவர் ஒழுங்காகக் கேட்பார் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. மேலிடத்துக்கு அனுப்ப மட்டும் நிரப்பும் படிவங்களின் கதி என்ன என்பது அரசு அலுவலகம் பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பஞ்சாயத்து

கேள்விகள் முடிவானதும் அடுத்தது தரவு அகராதி. பெயர்தான் பெரிசு, விஷயம் எளிது. படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் பொருள் என்ன, எந்த அலகில் எழுத வேண்டும், எதிலிருந்து எதுவரை இருக்கலாம், தெரியவில்லை என்றால் என்ன போட வேண்டும் என்று எழுதி வைக்கும் பட்டியல். ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

‘சர்க்கரை நோய் உண்டா?’ சுலபமான கேள்வி மாதிரி தெரியும். நோயாளி ‘ஆமா’ என்று சொன்னால் போதுமா? மாத்திரை போடுகிறார் என்றால் கணக்கா? வெறும் வயிற்றில் 126 தாண்டினால் மட்டுமா, மூன்று மாதச் சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி. 6.5 தொட்டிருக்க வேண்டுமா? கர்ப்பகாலத்தில் மட்டும் வந்து போனது? இதை எழுதி வைக்காவிட்டால் ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் பதிவார்கள். இதே கட்டத்தை ‘விருப்பம்போல் தட்டச்சு செய்க’ என்று திறந்துவிட்டால் இன்னும் மோசம். சுகர், சர்க்கரை, டி.எம்., டயாபட்டிஸ், இனிப்பு நீர் என்று பத்து விதமாக வரும். கம்ப்யூட்டருக்கு அது பத்து நோய்.

அலகு இன்னொரு பொறி. நம்ம ஊர் லேப் சர்க்கரையை மில்லிகிராமில் தரும். சில நாடுகளில் மில்லிமோல். அங்கே 7 என்றால் இங்கே 126. வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒருவரின் ரிப்போர்ட்டைப் பார்த்து யாராவது ‘7’ என்று தட்டினால், அவர் உயிரோடு இருக்கவே முடியாத அளவுக்குச் சர்க்கரை குறைந்தவராகப் பதிவாவார். 20-க்குக் கீழே எதையும் ஏற்காமல் ‘சரிதானா?’ என்று படிவமே கேட்டால் அங்கேயே பிடிபடும்.

தேதியும் அப்படித்தான். 04/05/2024 நமக்கு மே 4. அமெரிக்க அமைப்பில் உள்ள கம்ப்யூட்டருக்கு ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் தேர்வு செய்ய வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

வயதுக்கு வருவோம். ‘சுதந்திரம் கிடைச்சப்போ எனக்கு நாலு வயசு’ என்று சொல்லும் பெரியவரிடம் பிறந்த தேதியைக் கட்டாயமாகக் கேட்டால், ஊழியர் ஏதோ ஒரு தேதியைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். தோராயமான ஆண்டை மட்டும் ஏற்றுக்கொள்ளவும், அது தோராயம் என்று குறிக்கவும் வழி இருக்க வேண்டும். கட்டாயப்படுத்திய கட்டங்களில்தான் பொய்கள் அதிகம் சேர்கின்றன.

எல்லாவற்றையும் விட ஏமாற்றுவது காலிக் கட்டம். ‘மாரடைப்பு வந்ததுண்டா’ என்ற இடம் காலியாக இருந்தால் என்ன பொருள்? வரவில்லையா, தெரியவில்லையா, கேட்கவே இல்லையா? மூன்றும் வேறு வேறு. முன்பெல்லாம் தெரியாத விவரத்துக்கு 99 என்று போடும் பழக்கம் இருந்தது. வயது கட்டத்திலும் அதையே போட்டதால், கிராமத்தில் திடீரென்று நூறை நெருங்கியவர்கள் பெருகிவிடுவார்கள்! ‘இல்லை’, ‘தெரியாது’, ‘கேட்கவில்லை’ மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான் வைப்பதுதான் வழி.

பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்புவதும் தமிழ்ப் பெயர்களில் நடக்காது. இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். செந்திலை ஆங்கிலத்தில் தட்டும்போது ஒருவர் ‘ஹெச்’ சேர்ப்பார், இன்னொருவர் விடுவார். வீட்டில் நாலு பேருக்கு ஒரே போன் நம்பர். அதனால் ஆய்வுக்கென்று தனி எண் ஒன்று ஒவ்வொருவருக்கும் தேவை. அதன் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களில் இருந்து கணக்கிட்டு வருவதாக இருந்தால், ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டியதும் படிவம் ‘இப்படி ஒரு எண்ணே இல்லை’ என்று சொல்லிவிடும்.

யார் தட்டுவது, எப்போது?

பி.எம்.ஜே. ஓபன் இதழில் 2017-ல் வெளியான ஒரு ஆய்வு, 67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைத் தொகுத்தது. ஸ்வீடனில் சராசரியாக 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. நம்ம ஓ.பி. வரிசையில் நின்றவர்களுக்கு நாம் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கேள்வி, ஒன்றுக்கு 10 விநாடி என்றால் ஒரு நோயாளிக்கு 10 நிமிடம். ஒரு நாளைக்கு 40 பேர் என்றால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். மருத்துவம் பார்ப்பது எப்போது? நடக்கப்போவது என்னவென்றால், பகலில் துண்டுச் சீட்டில் குறித்துவிட்டு மாலையில் நினைவில் இருந்து நிரப்புவார்கள். ரத்த அழுத்தம் எல்லாம் 120/80, 130/90 என்று உருண்டையாக வரத் தொடங்கும். அதனால் எந்த விவரத்தை யார் சேகரிப்பது என்பதை வேலை நடக்கும் இடத்துக்கே போய், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். எடையை நர்ஸ் பார்க்கும்போதே அங்கேயே பதிந்தால் மருத்துவர் திரும்பக் கேட்க வேண்டாம். லேப் முடிவு ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தால் அதைத் திரும்பத் தட்டச் சொல்வது வீண் வேலை மட்டுமல்ல, பிழைக்கும் வழி.

சிக்னல் விட்டு விட்டு வரும் மலைக் கிராமங்களுக்கு, இணையம் இல்லாமலும் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் வசதி இல்லாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. சார்ஜ் தீர்ந்தால் என்ன, டேப் தொலைந்தால் என்ன என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். கூடவே கொஞ்சம் காகிதப் படிவங்களும் பையில் இருக்கட்டும்.

எக்செல்லா, கூகுள் ஃபார்மா, வேறு எதுவுமா?

மேலே சொன்னதெல்லாம் முடிவான பிறகு இந்தக் கேள்விக்கு வரலாம். எக்செல் கணக்குப் போடுவதற்கு நல்லது. நோயாளி விவரம் சேகரிக்க ஏற்றதல்ல. யார் எந்தக் கட்டத்தை எப்போது மாற்றினார் என்ற தடம் அதில் சரியாக நிற்காது. ஒரு பத்தியை மட்டும் அகர வரிசைப்படுத்தினால் ஒருவரின் ரத்த முடிவு இன்னொருவரின் பெயருக்கு எதிரே போய் உட்காரும். ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ என்பது போன்ற சுருக்கப் பெயர்கள் கொண்ட மரபணுக்களை எக்செல் தானாகவே தேதியாக மாற்றிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் போராடிப் பார்த்த விஞ்ஞானிகள் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். மென்பொருளை மாற்றுவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது!

கூகுள் ஃபார்ம் ஒரு சின்ன கருத்துக்கணிப்புக்குப் போதும். ஆனால் நோய், பரிசோதனை முடிவு, போன் நம்பர் மூன்றும் சேர்ந்த தகவலை ஒரு தனிநபரின் மெயில் கணக்கில் வைத்திருப்பது சரியல்ல. ஆய்வுக்கென்றே உருவானவை உண்டு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் பிறந்த ‘ரெட்கேப்’, லாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு இலவசம். ஆனால் நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, தன் சர்வரில் வைத்துப் பராமரிக்க வேண்டும். களப்பணிக்கு ‘ஓ.டி.கே.’, ‘கோபோ’ போன்றவை ஆண்ட்ராய்டு போனில் இணையம் இல்லாமலும் ஓடும். எதை எடுத்தாலும் சரி, அந்தப் பராமரிப்பு ஆள் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பத்து இருபது நோயாளிகளிடம் ஒத்திகை பார்க்காமல் எந்தப் படிவத்தையும் இறக்கக் கூடாது. பிறகும் வாரம் ஒருமுறை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பதிவு ஏறியது, பூஜ்யத்தில் முடியும் ரத்த அழுத்தம் எத்தனை, மாலை ஐந்து மணிக்கு மேல் மொத்தமாக ஏறிய படிவம் எத்தனை. எல்லாம் முடிந்ததும் தரவைப் பூட்டிவிட்டுத்தான் அலசத் தொடங்க வேண்டும். விடை தெரிந்த பிறகு திருத்தக் கை பரபரக்கும் என்பதால்.

மூலத்தைக் காட்ட முடியுமா?

2020 மே 22-ம் தேதி உலகின் புகழ்பெற்ற மருத்துவ இதழான ‘லான்செட்’டில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகளில் 96,032 நோயாளிகளின் மின்னணுப் பதிவுகளை அலசியதாகவும், ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்றவர்களிடம் இறப்பு அதிகம் என்றும் அது சொன்னது. அடுத்த சில நாளிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்தது. பிறகு ஆஸ்திரேலியாவில் யாரோ எண்ணிப் பார்த்தார்கள். கட்டுரையில் இருந்த ஆஸ்திரேலிய இறப்புகள், அந்தத் தேதிவரை அந்த நாட்டில் பதிவான மொத்த கொரோனா இறப்பைவிட அதிகம்!

தரவைக் கொடுத்த ‘சர்ஜிஸ்பியர்’ என்ற நிறுவனம், மூலத் தரவைச் சுயேச்சையான பரிசோதனைக்குக் கொடுக்கவில்லை. ஜூன் 4-ம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்து கொரோனாவுக்குப் பலன் தரவில்லை என்பதை ரெக்கவரி ஆய்வு அதற்கு மறுநாளே தன் சொந்தத் தரவில் காட்டியது. எந்த மருத்துவமனையில், எந்தப் பதிவில் இருந்து, யார் எடுத்தார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வழியில்லாத தரவை, எத்தனை லட்சம் வரிசை இருந்தாலும் நம்ப முடியாது.

பெயரை அழித்தால் ரகசியம் ஆகிவிடுமா?

ஆகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவத் தகவல், பெயர் நீக்கி ஆய்வுக்குத் தரப்பட்டது. 1990-களின் பிற்பகுதியில் லதான்யா ஸ்வீனி என்ற மாணவி, அதில் மிச்சமிருந்த பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, அப்போதைய ஆளுநரின் மருத்துவப் பதிவையே எடுத்துக் காட்டினார். ‘58 வயது, ஆண், இந்தக் கிராமம், அரிதான இந்தப் புற்றுநோய்’ என்றால் நம்ம ஊரில் டீக்கடையிலேயே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதனால் ஆய்வுக்குத் தேவையில்லாத துல்லியத்தைக் குறைக்க வேண்டும்: தேதிக்குப் பதில் ஆண்டு, கிராமத்துக்குப் பதில் மாவட்டம். பெயரும் ஆய்வு எண்ணும் சேர்ந்த பட்டியல் தனி இடத்தில், தனி ஆளிடம்.

மக்களிடம் சரியாகச் சொல்லாமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கிலாந்தே பாடம் படித்திருக்கிறது. குடும்ப மருத்துவர்களிடம் உள்ள பதிவுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க ‘கேர்.டேட்டா’ என்ற திட்டம் வந்தது. 2014 ஜனவரியில் வீடு வீடாகத் துண்டறிக்கை அனுப்பியதாகச் சொன்னார்கள். பலர் அதைப் பார்க்கவே இல்லை. யாருக்கு விற்கப்போகிறார்கள் என்ற சந்தேகம் கிளம்பியது. பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டு, 2016 ஜூலையில் கைவிடப்பட்டது. கம்ப்யூட்டர் எல்லாம் தயார், நம்பிக்கைதான் இல்லை.

இந்தியாவில் 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் சில விலக்குகள் தருகிறது. ஆனால் அந்தத் தரவை வைத்து குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய முடிவு எடுக்கக் கூடாது, அரசு வகுக்கும் தரநிலைகளையும் பின்பற்ற வேண்டும். மருந்துச் சோதனை என்றால் 2009 ஜூன் 15 முதல் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். எதை அளக்கப்போகிறோம் என்பதை அங்கே முதலிலேயே எழுத வேண்டும். அந்தப் பதிவேடு இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியது.

உங்களிடம் டேப்போடு வந்தால்?

சிகிச்சைக்கான கேள்வியா, ஆய்வுக்கான கேள்வியா என்று முதலில் கேளுங்கள். ஆய்வு என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்படி உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாள் தர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா, என் பெயர் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்று கேட்கலாம். ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். பாதியில் விலகலாம். அப்படிச் சொன்னதற்காக உங்களுக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது. கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.